கடல் குளிர்ந்தால் கெல்ப் காடு தானாகத் திரும்பி வருமா?

கேள்வி இது: "2011-ல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கடல் சூடேறி கெல்ப் காடுகள் அழிந்தன என்று படித்தேன். பாசிதானே, கடல் மறுபடி குளிர்ந்ததும் தானாக முளைத்துவிடாதா? நம் பக்கத்துக் கடலில் ஏன் கெல்ப் இல்லை?"

சுருக்கமான பதில்: முளைக்கவில்லை. பெர்த்துக்கு வடக்கே கல்பாரியை ஒட்டிய கடலில் சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குக் கெல்ப் என்ற இந்தப் பெரிய பழுப்புக் கடற்பாசி போய்விட்டது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அது திரும்பியிருக்கவில்லை. கடுமையான சூடு இருந்தது சில வாரங்கள்தான், ஆனால் காடு போனது போனதுதான். ஏன் அப்படி ஆனது என்பது புரிய, அந்தப் பாசி எப்படி வாழ்கிறது, எதன்மேல் வாழ்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கெல்ப் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கலிஃபோர்னியாவின் ராட்சதக் கெல்ப். காற்றுப்பைகளின் உதவியால் கடலடியிலிருந்து நீர்மட்டம் வரை முப்பது மீட்டருக்கு மேல்கூட எழும்பி நிற்கும். கல்பாரியில் அழிந்தது அது இல்லை. எக்லோனியா ரேடியேட்டா என்ற வேறு இனம், அங்கே கோல்டன் கெல்ப் என்பார்கள். இதற்குக் காற்றுப்பை கிடையாது. பெரும்பாலான இடங்களில் ஆள் உயரம்கூட வராது. பாறையிலிருந்து ஒரு தண்டு, அதன் மேலே பக்கவாட்டில் விரல்களாகப் பிரியும் தோல்போன்ற இலை, ஓரங்களில் சிறு பற்கள், தேன் கலந்த பழுப்பு நிறம். படகில் மேலே போகிறவருக்குக் கீழே ஏதோ கறுப்பான பாறை கிடப்பதாகத்தான் தெரியும். முகமூடி போட்டுத் தலையை உள்ளே விட்டால்தான், அலைக்கு ஒருசேர இந்தப் பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் எழும் ஒரு காடு தெரியும். பார்வைக்கு ராட்சதக் கெல்ப் அளவுக்குப் பிரமிப்பு தராததால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. ஆனால் தென் ஆஸ்திரேலியக் கரையோரக் கடல் முழுவதையும் தாங்குவது இந்த இனம்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

இது தாவரமும் இல்லை. பழுப்புப் பாசிகளுக்கு நிலத்துச் செடிகளைவிட டயட்டம் என்ற நுண்ணிய ஒற்றைச் செல் பாசிகளோடுதான் உறவு நெருக்கம். வேர்போல் தெரிவது பாறையைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான், அது எதையும் உறிஞ்சுவதில்லை. சத்தெல்லாம் இலைப்பரப்பு வழியாகத் தண்ணீரிலிருந்து நேரே வருகிறது.

குளிர்காலப் புயல் ஓய்ந்த மறுநாள் பெர்த் கடற்கரைகளில் இந்தக் கெல்ப் குவியல் குவியலாக ஒதுங்கிக் கிடக்கும். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நாற்றம் என்று ஒதுங்கிப் போவார்கள். அப்படிக் கிடப்பதில் ஒன்றை எடுத்து அடிப்பிடிப்பைத் திருப்பிப் பாருங்கள். கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று பின்னி ஒரு கைப்பிடி அளவுக் கூடாக இருக்கும். பல சமயம் அதன் அடியில் ஒரு துண்டுச் சுண்ணாம்புக் கல்லும் ஒட்டிக்கொண்டே வந்திருக்கும். பிடி விடவில்லை, பாறைதான் பெயர்ந்திருக்கிறது. அந்தக் கூட்டை மெல்லப் பிரித்தால் கடற்பஞ்சுத் துணுக்குகள், நகக்கண் அளவு நண்டு, நெளியும் புழுக்கள், மயிரிழைக் கைகளோடு ஒரு சிறு நட்சத்திர உயிர் என்று ஒவ்வொன்றாக வரும். ஒரே ஒரு பிடிப்புக்குள் இத்தனை என்றால், ஒரு பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு, முழுக்க நிற்கும் காட்டில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்கும் ஒரு கதை உண்டு. பெர்த்தை ஒட்டிய கடலடிப் பார்கள் பெரும்பாலும் பழைய மணற்குன்றுகள். கடல்மட்டம் இப்போதையதைவிடத் தாழ்வாக இருந்த காலத்தில் காற்று குவித்த மணல், சிப்பித்தூளின் சுண்ணாம்பு இறுகிக் கல்லாகிப் பின்னர் கடலுக்குள் மூழ்கியது. மென்மையான கல் என்பதால் குடைவுகளும் தொங்கு விளிம்புகளும் நிறைய. மேற்கு ஆஸ்திரேலியாவின் சிங்கி இறால் பகலில் பதுங்குவது இந்தக் குடைவுகளில்தான். வளம் குன்றாமல் மீன்பிடிப்பதற்குச் சான்று தரும் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சிலின் சான்றிதழை 2000-ல் உலகிலேயே முதலில் பெற்றது இந்தச் சிங்கி இறால் மீன்பிடிப்புதான். கரையோரமாகத் தெற்கே, கிழக்கே போனால் எஸ்பரன்ஸ் பக்கம் கிரானைட், சிட்னியில் மணற்கல், டாஸ்மேனியாவில் டாலரைட் என்று கல் மாறிக்கொண்டே போகும். மேலே நிற்கும் கெல்ப் மட்டும் பெரும்பாலும் அதேதான்.

இப்படிக் கண்டத்தின் தென்பாதியைச் சுற்றி வரும் பாறைப் பார்களுக்கு 2016-ல் ஆய்வாளர்கள் கிரேட் சதர்ன் ரீஃப் என்று பெயர் வைத்தார்கள். 8,000 கிலோமீட்டருக்கும் அதிகமான கரை, சுமார் 71,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. உலகமே அறிந்த கிரேட் பேரியர் ரீஃப் 2,300 கிலோமீட்டர்தான். ஆஸ்திரேலியர்களில் பெரும்பாலானவர்கள் வசிப்பது இந்தத் தெற்குப் பாரை ஒட்டித்தான். இருந்தும் 2016 வரை அதற்கு ஒரு பொதுப் பெயர்கூட இல்லை. கடல்குதிரையின் சொந்தக்காரனான வீடி சீடிராகன் உலகில் வேறெங்கும் கிடையாது, இங்கேதான். ஆண்தான் முட்டைகளை வால் அடியில் ஒட்டிச் சுமக்கும்.

சரி, 2011-க்கு வருவோம். மற்றக் கண்டங்களின் மேற்குக் கரைகளில் பொதுவாகக் குளிர்ந்த நீரோட்டம் ஓடும். பெரு, நமீபியா எல்லாம் அப்படி. மேற்கு ஆஸ்திரேலியாவில் தலைகீழ்: லூவின் நீரோட்டம் வெப்பமண்டலத்திலிருந்து சூடான நீரைத் தெற்கே கொண்டுவருகிறது. 2010-11-ல் வலுவான லா நினா, அதாவது பசிபிக்கின் நடு, கிழக்குப் பகுதிகள் குளிர்ந்து மேற்கே சூடான நீர் குவியும் நிலை. அந்தக் கோடையில்தான் கிழக்கே பிரிஸ்பேன் வெள்ளத்தில் மிதந்தது. மேற்கே லூவின் நீரோட்டம் வழக்கத்துக்கு மேல் பலம் பெற்று ஓடியது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கடல் இயல்பைவிடப் பல டிகிரி சூடேறியது, சில இடங்களில் உச்சத்தில் 5 டிகிரி வரை. கல்பாரி பக்கம் ரோ அபலோன் சிப்பிகள் கொத்துக் கொத்தாகச் செத்து, அங்கே அந்த மீன்பிடிப்பையே மூடவேண்டி வந்தது. இரண்டாண்டுக்குள் மேற்குக் கரையில் இருந்த கெல்ப்பில் 43 விழுக்காடு போயிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. தெற்கே ஆல்பனி பக்கமும் கடல் சூடேறியது, ஆனால் அங்கே கெல்ப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே வழக்கமான வெப்பநிலையே குறைவு, கூடுதல் சூட்டைத் தாங்க இடம் இருந்தது. கல்பாரிக் கெல்ப்போ ஏற்கெனவே தன் எல்லையின் விளிம்பில் நின்றது. ஒவ்வொரு கோடையிலும் தாங்கக்கூடிய உச்சத்தை ஒட்டி வாழ்ந்து பழகியது, அதற்கு மேல் ஏறவே இடமில்லை. "எத்தனை டிகிரி கூடியது" என்று மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். எங்கிருந்து கூடியது என்றும் கேட்க வேண்டும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி, ஏன் திரும்பவில்லை?

முதலாவது, விதை வரும் வழி. நன்றாக வளர்ந்த எக்லோனியா இலைப்பரப்பிலிருந்து கணக்கற்ற நுண்வித்துகளை வெளியிடும். ஆனால் அவை பெரும்பாலும் தாய்க்குப் பக்கத்திலேயே, சில மீட்டருக்குள் விழும். விழுந்த வித்து நேரே கெல்ப் ஆவதில்லை. முதலில் கண்ணுக்குத் தெரியாத நூலிழை போன்ற ஒரு பிறவி, அதில் ஆண் வேறு பெண் வேறு. பெண் இழை ஒரு வேதிப்பொருளை வெளியிட்டு ஆண் அணுக்களை இழுக்கும். அது எட்டுவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தொலைவுக்குத்தான். ஆகவே வித்து வந்தால் மட்டும் போதாது, நெருக்கமாக வந்து விழ வேண்டும். காடு அடர்த்தியாக இருக்கும்வரை இது சுலபம். காடே இல்லாதபோது எங்கிருந்தோ மிதந்து வரும் நாலைந்து வித்துகளால் பயனில்லை. போதாக்குறைக்கு, தப்பிப் பிழைத்த கெல்ப் எல்லாம் தெற்கே இருக்கிறது, நீரோட்டம் பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது.

இரண்டாவது, காலியான இடத்தைப் பிடித்தவர்கள். கெல்ப் இலைகள் அலைக்கு ஆடும்போது பாறையைத் துடைத்துக்கொண்டே இருக்கும், வெளிச்சத்தையும் மறைக்கும். அதனால்தான் அடியில் ரோஜா நிறச் சுண்ணாம்புப் பாசி படிந்த சுத்தமான பாறை இருக்கும். இளம் கெல்ப் முளைக்கத் தோதான தரை அதுதான். கெல்ப் போனதும் வெளிச்சம் கொட்டுகிறது. ஒரு சில சென்டிமீட்டர் உயரமுள்ள கட்டைப் பாசிகள் புல்தரையாகப் படர்கின்றன. அவை மணலையும் வண்டலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கெல்ப் வித்து வந்தாலும் அது விழுவது பாறைமேல் இல்லை, அந்த வண்டல்மேல். அங்கே அது பற்றாது.

இதற்குச் சூடுதான் வேண்டும் என்று இல்லை. அடிலெய்ட் நகரக் கரையில் சில பகுதிகளில் காடாக நின்ற பாசிகளில் 70 விழுக்காடு வரை இழப்பு ஏற்பட்டது. அங்கே காரணம் நகரக் கழிவுநீர் கொண்டுவந்த சத்து. சத்து கூடினால் கட்டைப் பாசிகளுக்குக் கொண்டாட்டம், காட்டுக்குக் கேடு.

மூன்றாவது, மீன்கள். சூடான நீரோடு வெப்பமண்டல மீன்களும் தெற்கே இறங்கின. நம்மூர் மீனவர்கள் ஓரா என்பார்களே, அந்தக் குடும்பத்து மீன், கிளி மீன் எல்லாம். பவளப் பார்களில் பாசியை மேய்ந்து சுத்தம் செய்யும் நல்ல பிள்ளைகள்தான் இவர்கள். கெல்ப் பாரில் வந்து அதே வேலையைச் செய்தால் விளைவு வேறு. முளைத்து வரும் இளசுகளை வளரவே விடுவதில்லை.

கிழக்குக் கரையில் இதற்கு அருமையான சான்று கிடைத்தது. காஃப்ஸ் ஹார்பரை ஒட்டிய சாலிடரி தீவுகளில் 2002 முதல் 2011 வரை எடுத்து வைத்த நீரடிக் காணொளிகளை ஆய்வாளர்கள் வரிசையாகப் பார்த்தார்கள். தொடக்க ஆண்டுகளில் கெல்ப் இருக்கிறது, அப்புறம் இலைகளில் கடித்த தடங்கள் கூடுகின்றன, கடைசியில் கெல்ப்பே இல்லை. திடீர் வெப்ப அலை எதுவும் காரணம் இல்லை. கடல் ஒரு டிகிரிக்கும் குறைவாகத்தான் மெல்லச் சூடேறியிருந்தது, மேயும் மீன்களின் பங்கு மட்டும் பெருகியிருந்தது. கெல்ப்பைக் கொண்டுபோய் நட்டுப் பார்த்தார்கள், சில நாட்களில் தின்று தீர்த்தன. கெல்ப் அழிவைப் பற்றிய ஆய்வுகளில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான். வெப்ப அலை என்றால் தெரியும், செய்தியாகும். இது யாருக்கும் தெரியாமல் நடக்கிறது.

டாஸ்மேனியாவில் வில்லன் வேறு. நீண்ட முள் கொண்ட ஒரு கடல் முள்ளெலி, நியூ சவுத் வேல்ஸ் பக்கத்துப் பிராணி. கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் தெற்கே நீண்டதும் அதன் குஞ்சுகள் மிதந்து வந்து சேர்ந்தன. டாஸ்மேனியாவில் முதலில் பதிவானது 1978-ல். குளிர்காலக் கடல் 12 டிகிரிக்குக் கீழே போனால் அதன் குஞ்சு தேறாது. கடல் சூடாகச் சூடாக அந்தத் தடை விலகியது. கூட்டம் பெருத்தால் பாறையை மொட்டையாக்கிவிடும். மொட்டையான பிறகும் சாகாமல் பாறைமேல் படிந்த மெல்லிய பாசியைச் சுரண்டியே பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கும். அங்கே இதை உடைத்துத் தின்னக்கூடியது முக்கியமாகப் பெரிய சிங்கி இறால்தான், அந்தப் பெரிய இறால்களைத்தான் நாம் பிடித்துவிட்டோம்.

நம் பக்கத்துக் கடல் பற்றிக் கேட்டீர்கள். மன்னார் வளைகுடாவில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை எல்லாம் உண்டு. கட்டக்கோரை பழுப்புப் பாசிதான், ஆனால் கெல்ப் வரிசையைச் சேர்ந்தது இல்லை. நம் கடல் ஆண்டு முழுக்க வெதுவெதுப்பு, சத்தும் மேல்மட்டத்தில் குறைவு. கெல்ப்புக்குக் குளிரும் வேண்டும், சத்தும் வேண்டும்.

ஆனால் அரபிக்கடலில் ஒரு விதிவிலக்கு இருந்தது. ஓமனின் தெற்கே தோஃபார் கரையில் சாதா என்ற ஊரை ஒட்டி இதே எக்லோனியா ரேடியேட்டா வளர்ந்தது. உலகின் வடபாதியில் இந்த இனம் இருந்ததாக உறுதியாகத் தெரிந்த ஒரே இடம் அதுதான். பாலைவனக் கரையில் எப்படி? குற்றாலத்தில் சாரல் தூவ வைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் காரணம். அது தோஃபார் கரைக்கு இணையாக வீசி மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும். ஆழத்திலிருந்து சத்து நிறைந்த குளிர்நீர் மேலே வரும். சலாலாவில் வேலை பார்த்தவர்களுக்குக் கரீஃப் பருவம் தெரியும். மலை பச்சையாகி மூடுபனி இறங்கும் அந்த நாட்களில் கரையோரக் கடலும் சில்லென்று ஆகிவிடும். பவளம் வாழும் கடலில் கெல்ப்பும் வளர்ந்தது இப்படித்தான்.

இருந்தது என்று எழுதக் காரணம், அது இப்போது இல்லை. 2022-ல் வெளியான ஆய்வு அதை ஆவணப்படுத்தியது. சாதாவில் தேடியவர்களுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முன்பு சேகரித்துக் காய வைத்திருந்த மாதிரிகளின் மரபணுவைப் பார்த்தபோது, ஒரு வகை தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எங்கும் இருப்பதே. இன்னொரு வகை வேறெங்கும் இல்லாதது. நாற்பதாண்டுகளாக அரபிக்கடல் சூடேறி வருவதும், குளிர்நீர் மேலெழுவது இடையிடையே தடைப்பட்டதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். விளிம்பில் வாழும் கூட்டங்கள்தான் சூட்டுக்குப் பழகிய மரபணுக்களை வைத்திருக்க வாய்ப்பு அதிகம், அவைதான் முதலில் போகின்றன. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய இழப்பு.

கடைசியாக, "தானாக" என்ற சொல்லைக் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டால் பதில் கொஞ்சம் மாறும். சிட்னியில் க்ரேவீட் என்ற வேறொரு பழுப்புப் பாசி 1980-கள் வாக்கில் நகரக் கரையில் சுமார் 70 கிலோமீட்டருக்கு மறைந்தது, கழிவுநீர்தான் காரணம் என்று கருதப்படுகிறது. 1990-களின் தொடக்கத்தில் கழிவைக் கடலுக்குள் வெகுதூரம் கொண்டுபோய் விடும் குழாய்கள் வந்தன, தண்ணீர் தெளிந்தது. பாசி மட்டும் வரவில்லை. பிறகு ஆய்வாளர்கள் வடக்கிலும் தெற்கிலும் இருந்து வளர்ந்த பாசிகளை எடுத்துவந்து, பாறையில் வலை அடித்துக் கட்டி வைத்தார்கள். அவை குட்டி போட்டன, குட்டிகள் வலையைத் தாண்டிப் பாறையில் பரவின. காரணம் நீங்கியிருந்தது, விதைதான் இல்லை. அதனால் விதையைக் கொடுத்ததும் வேலை நடந்தது.

எக்லோனியாவுக்கு இப்போது முயல்வது பசுஞ்சரளை என்ற முறை. ஆய்வகத்தில் சிறு கற்கள்மேல் வித்தைப் பிடிக்க வைத்து, ஓரிரு சென்டிமீட்டர் வளர்ந்ததும் படகிலிருந்து கடலில் இறைத்துவிடுவது. முங்குநீச்சல்காரர் வேண்டாம் என்பதால் செலவு குறைவு. நார்வேயில் வேறு கெல்ப் இனத்தில் முதலில் செய்து பார்த்து 2020-ல் எழுதினார்கள், மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சோதிக்கிறார்கள். கல் உருண்டு போகாத இடத்தில் இது நடக்கலாம். ஆனால் ஓரா மேயும் பாரில் எத்தனை கல் இறைத்தாலும் தீனி போட்டதுதான் மிச்சம். ஆகவே நடுவதற்கு முன் அந்த இடத்தில் கெல்ப் ஏன் போனது என்று கேட்பதும், அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். கழிவுநீர் என்றால் நிறுத்தலாம். கடல் முள்ளெலி என்றால் பிடிக்கலாம். டாஸ்மேனியாவில் அதன் முட்டைச்சினை உணவாக விற்கிறது, முங்கிப் பிடிப்பவர்களுக்கு அரசு மானியமும் தந்திருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மொட்டைப் பாறையில் பட்டினி கிடக்கும் முள்ளெலியில் சினை இருக்காது. சந்தைக்கு வேண்டியது கெல்ப் இன்னும் மிச்சமிருக்கும் இடத்து முள்ளெலி. காப்பாற்ற வேண்டிய காட்டைக் காப்பாற்ற இது உதவும், ஏற்கெனவே மொட்டையான இடங்களுக்குப் போக ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.